பரிசு சிலருக்கு, கணக்கு எல்லாருக்கும்

(தொழில் முனைவோர் குறித்த தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொழில் திட்டப் போட்டிகளில் நம்மவர் கலந்துகொள்வதால் பயன் உண்டா என்பது இன்றைய அரங்கத்தின் கேள்வி. பயன் உண்டு என்பதே இந்த உரையின் கட்சி. ஆனால் அந்தப் பயன் பரிசுக் காசோலையில் மட்டும் இருப்பதாக நினைத்துப் போகிறவர் ஏமாந்து திரும்பக்கூடும். தன் தொழிலின் கணக்கைத் தானே படிக்கப் போகிறவர், தோற்றாலும் கைநிறையக் கொண்டு வருவார்.

முதலில், இந்தப் போட்டி என்றால் என்ன? ஒருவர் தாம் செய்கிற தொழிலையோ செய்யப்போகும் தொழிலையோ எழுத்தில் வைக்க வேண்டும். என்ன பொருள், யார் வாங்குவார்கள், என்ன விலை, எவ்வளவு செலவு, எத்தனை மாதத்தில் முதல் திரும்பும், யாரெல்லாம் சேர்ந்து நடத்துகிறார்கள் என்பதையெல்லாம் சில பக்கங்களில் எழுதி அனுப்ப வேண்டும். முதல் சுற்றில் தேறியவர்கள் நடுவர்கள் முன்னால் சில நிமிடம் பேச வேண்டும். பிறகு நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளில்தான் பலருக்கு வியர்க்கும்.

இது புதிய வழக்கமும் இல்லை. அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1984-இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய போட்டியே இந்த வகையில் முன்னோடி என்பார்கள். 1990-இல் எம்.ஐ.டி. தொடங்கியது. மலேசியாவில் 2003-இல் அமைந்த கிரேடில் நிதியம், தொழில்நுட்ப யோசனைகளைத் தேர்ந்தெடுத்து மானியம் கொடுக்கத் தொடங்கியது. இன்று மாநில அரசு அமைப்புகள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள், வர்த்தக சங்கங்கள் என்று பலரும் வட்டார அளவில் இத்தகைய போட்டிகளை நடத்துகிறார்கள்.

கிராணியின் பேனா

தெலுக் பங்லிமா காராங்கை எடுத்துக்கொள்வோம். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் கேரித்தீவின் செம்பனைத் தோட்டங்கள். இன்னொரு பக்கம் சுதந்திர வர்த்தக மண்டலத்தின் தொழிற்சாலைகள். தென் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் புலாவ் இண்டாவும் மேற்குத் துறைமுகமும் கிட்டத்தில். தொழில் செய்வதற்கு இதைவிட வசதியான இடம் அமைவது கடினம். ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், சீருடை வேண்டும், பேருந்து வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், லோரிகளுக்குப் பழுதுபார்ப்பவர் வேண்டும்.

இத்தனை வாய்ப்பு இருந்தும் நம்மவரில் பலர் தொழிலைக் கணக்கில்லாமல் நடத்துவது ஏன்? அறிவுக் குறைவு என்று சொல்லிவிடக் கூடாது. பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றார்கள். செக்ரோலில் பெயரைப் பதிந்தவர் கிராணி. எடையைப் பார்த்தவரும் எழுதியவரும் கழித்தவரும் வேறு ஆட்கள். மாதக் கடைசியில் சொன்ன தொகையைக் கையில் வாங்கியதுதான் தொழிலாளியின் பங்கு. வாங்கிய பணம் போகும் மளிகைக் கடையிலும் கடன் நோட்டு கடைக்காரர் கையில். தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டவர் ஒருவர், பேனா பிடித்தவர் இன்னொருவர்.

தோட்டத்தை விட்டு வந்து தொழில் தொடங்கிய பிறகும் அந்தப் பேனா கைக்கு வந்து சேரவில்லை. வருவதைப் பையில் போடுவது, தேவைக்கு எடுப்பது, மீதி இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நேரம் சரியில்லை. இப்படித்தான் பல வியாபாரங்கள் ஓடுகின்றன. தொழில் திட்டப் போட்டியின் விண்ணப்பத் தாள் செய்கிற முதல் காரியம், அந்தப் பேனாவைத் தொழில் செய்கிறவர் கையில் கொடுப்பது.

ஒரு முறுக்குப் பாக்கெட்டின் கதை

பேனா கைக்கு வந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தாமானில் முறுக்குச் சுட்டு விற்கிற அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் 5 வெள்ளி. பாசார் மாலாமிலும் சில மளிகைக் கடைகளிலும் மாதம் 900 பாக்கெட் போகிறது. கையில் 4,500 வெள்ளி புரள்கிறது. அக்கம்பக்கத்தார், "அக்காவுக்கு நல்ல வியாபாரம்" என்கிறார்கள். அக்காவும் அப்படித்தான் நம்புகிறார்.

போட்டி விண்ணப்பம் கேட்கிறது: ஒரு பாக்கெட்டுக்கு என்ன அடக்கம்? அக்கா உட்கார்ந்து எழுதுகிறார். மாவு, எண்ணெய், எள் 1 வெள்ளி 60 காசு. பாக்கெட்டும் லேபளும் 30 காசு. கேஸ் 30 காசு. பெட்ரோல் 40 காசு. ஆக 2 வெள்ளி 60 காசு. பாக்கெட்டுக்கு மிஞ்சுவது 2 வெள்ளி 40 காசு.

அடுத்த கேள்வி: விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டியது என்ன? வேன் தவணை 600, அடுப்படி வாடகை 500, தொலைபேசியும் லைசென்சும் சேர்த்து 100. மொத்தம் 1,200 வெள்ளி. அதை 2 வெள்ளி 40 காசால் வகுத்தால் 500. அதாவது முதல் 500 பாக்கெட் வேனுக்கும் வாடகைக்கும் போய்விடுகிறது. மீதி 400 பாக்கெட்டில் கிடைக்கும் 960 வெள்ளிதான் அக்காவுக்கு.

இப்போது நடுவர் கேட்கிறார்: "உங்கள் சம்பளத்தை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" அக்கா அதை எழுதவே இல்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் படுக்கிறவரின் உழைப்பு கணக்கில் இல்லை. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தையாவது தமக்குப் போட்டுக்கொண்டால் மாதச் செலவு 2,900 வெள்ளி. அதை ஈடுகட்ட 1,209 பாக்கெட் விற்க வேண்டும். விற்பது 900. அப்படியானால் அக்கா லாபத்தில் நடத்தவில்லை, தம் கூலியில் மானியம் கொடுத்து நடத்துகிறார். ஊரே நல்ல வியாபாரம் என்று சொன்னது இதைத்தான்.

இதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம். அதே தாள் வழியும் காட்டுகிறது. விலையை 50 காசு கூட்டி 5 வெள்ளி 50 காசு என்று வைத்தால், பாக்கெட்டுக்கு 2 வெள்ளி 90 காசு மிஞ்சும். அப்போது 1,000 பாக்கெட் விற்றாலே சம்பளத்தோடு சரிக்கட்டிவிடும். ஐம்பது காசு கூட்டினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவாரா, இரண்டு வாரம் இரண்டு கடையில் மட்டும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்ததை எழுதினால் அது திட்டம். தெரியாமல் எழுதினால் அது ஆசை.

பெரிய ஆர்டரும் கண்ணியும்

இன்னொரு கேள்வியும் விண்ணப்பத்தில் இருக்கும்: பணம் எப்போது கைக்கு வரும்? ஒரு சூப்பர் மார்க்கெட் அக்காவிடம் மாதம் 3,000 பாக்கெட் கேட்கிறது, பணம் 60 நாள் கழித்து என்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டி விளையாடிய கதவு திறந்தது என்று வீட்டில் பாயசம் வைப்பார்கள். ஆனால் மாதத்துக்குப் பொருள் செலவு மட்டும் 7,800 வெள்ளி. முதல் பணம் வருவதற்குள் இரண்டு மாதத்துக்கு 15,600 வெள்ளி முடங்கிவிடும். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? வட்டிக்காரரிடமா? ஆர்டர் இல்லாமல் படுத்த வியாபாரம் உண்டு. ஆர்டர் வந்ததால் படுத்த வியாபாரமும் உண்டு. இதை அடி வாங்கிக் கற்றுக்கொள்வதைவிடத் தாளில் எழுதிக் கற்றுக்கொள்வது மலிவு.

இரண்டாம் இடம் வந்தவர்கள்

"இதெல்லாம் சின்னக் கணக்கு, போட்டியில் வென்று பெரிய ஆளானவர் உண்டா?" என்று கேட்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளிலேயே அதற்குப் பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோலாலம்பூரில் டாக்சி பிடிப்பதில் உள்ள தொல்லையையும், பெண்கள் தனியாகப் போவதில் உள்ள பயத்தையும் ஒரு தொழில் திட்டமாக எழுதி, 2011-இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் போட்டிக்குக் கொண்டு போனார்கள் அங்கே படித்த இரண்டு மலேசியர்கள், அந்தோணி டானும் டான் ஹூய் லிங்கும். அவர்களுக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை. இரண்டாம் இடம்தான். பரிசு 25,000 அமெரிக்க டாலர். 2012 ஜூனில் மைடெக்சி என்ற பெயரில் கோலாலம்பூரில் சேவை தொடங்கியது. அதுதான் பின்னாளில் கிரேப் ஆனது. 2018-இல் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலையே வாங்கியது. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

அந்தோணி டான், டான் சோங் மோட்டார் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதையும் மறைக்க வேண்டாம். பின்புலம் இருந்தது. ஹார்வர்ட் என்ற பெயரும் இருந்தது. ஆனால் பின்புலம் உள்ளவர்களே தங்கள் யோசனையைத் தாளில் எழுதி, பிறர் கேள்விக்கு நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். பின்புலம் இல்லாதவர் அந்தப் படியைத் தாண்டிக் குதிப்பது எப்படிச் சரியாகும்?

இன்னொரு சான்று. 1998-இல் எம்.ஐ.டி. போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்து, பரிசு வாங்காமல் திரும்பிய குழுவில் டாம் லெய்ட்டன், டேனி லூவின் ஆகியோர் இருந்தார்கள். இணையப் பக்கங்களை உலகம் முழுவதும் விரைந்து கொண்டு சேர்க்கும் அக்கமாய் நிறுவனம் அவர்கள் தொடங்கியதுதான். நடுவர்கள் போட்ட மார்க் அந்த நிறுவனத்தைத் தடுத்து நிறுத்தவில்லை.

மார்க்குக்கு எவ்வளவு மதிப்பு?

ஒன்றிரண்டு பேரைக் காட்டிப் பேசுவது எளிது. ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்ட போட்டியைக் கவனித்தால்தான் உண்மை விளங்கும். அப்படி ஒன்று நைஜீரியாவில் நடந்தது. 2011-இல் அந்நாட்டு அரசு இளைஞர்களுக்காக 'யூவின்' என்ற தொழில் திட்டப் போட்டியைத் தொடங்கியது. அப்போது நிதியமைச்சர் ஙோசி ஒகோன்ஜோ இவேலா. 2021 முதல் உலக வாணிப நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருப்பவர் அவரே. ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு நான்கு நாள் பயிற்சி. ஏறத்தாழ 1,200 பேருக்குப் பரிசு. ஒருவருக்குச் சராசரியாக 50,000 அமெரிக்க டாலர். மிகச் சிறந்தவர்களை நாடளவிலும் வட்டார அளவிலும் மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த நிலையில் இருந்தவர்களிலிருந்து 700-க்கும் மேற்பட்டோரைக் குலுக்கலில் எடுத்தார்கள்.

உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கன்சி, குலுக்கலில் பரிசு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார். புதிதாகத் தொழில் தொடங்க வந்தவர்களில், பரிசு பெற்றவர்கள் மூன்று ஆண்டு கழித்துத் தொழில் நடத்திக்கொண்டிருந்த விகிதம் மற்றவர்களைவிட 37 விழுக்காட்டுப் புள்ளி கூடுதலாக இருந்தது. பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுத்தவர்களின் விகிதமும் 23 புள்ளி கூடுதல். ஆக, பணம் உதவுகிறது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே போட்டியைப் பற்றி அவரும் டாரியோ சன்சோனும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. நடுவர்கள் போட்ட மார்க்கையும், வென்றவர்களின் மூன்று ஆண்டுக்குப் பிந்தைய விற்பனை, லாபம், வேலையாட்கள் எண்ணிக்கை ஆகியவற்றையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. கூடுதல் மார்க் வாங்கியவர் கூடுதலாக முன்னேறவும் இல்லை, குறைவாக வாங்கியவர் பின்தங்கவும் இல்லை. கணினியை வைத்துக் கணித்துப் பார்த்தபோதும் பெரிய முன்னேற்றம் இல்லை.

இதிலிருந்து நம்மவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. வென்றவர் தலைகனம் கொள்ள ஆதாரமில்லை. தோற்றவர் தலைகுனியவும் ஆதாரமில்லை. நடுவர்கள் கெட்டிக்காரர்கள்தான். எதிர்காலத்தைப் பார்க்கும் கண் மட்டும் அவர்களுக்கும் இல்லை. "போட்டியில் தேறவில்லை, தொழிலை விட்டுவிட்டேன்" என்று யாராவது சொன்னால் அது மிகப் பெரிய தவறு.

நுழையும் முன் கவனிக்க வேண்டியவை

போகலாம் என்று முடிவு செய்தவர்கள் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, தொழிலுக்கும் போட்டிக்கும் பொருத்தம். தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான போட்டிக்கு முறுக்குத் திட்டத்தை அனுப்பிவிட்டு, இனப் பாகுபாடு என்று குறைபட்டுக்கொள்வதில் பயனில்லை. உணவுத் தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் உரிய போட்டிகளைத் தேட வேண்டும்.

இரண்டாவது, பத்திரங்கள். மலேசியக் கம்பெனிகள் ஆணையத்தில் சொந்தப் பெயரில் வணிகத்தைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் பதிய 60 வெள்ளி. இதைக்கூடச் செய்யாமல் பத்தாண்டு வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். பதிவு, நகராண்மைக் கழக லைசென்ஸ், உணவு கையாள்வோர் பயிற்சியும் தைப்பாய்டு தடுப்பூசியும், சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ் இவையெல்லாம் இருந்தால் விண்ணப்பத்தின் எடை கூடும். போட்டியே இல்லாவிட்டாலும் இவை வேண்டியவைதான்.

மூன்றாவது, விதிமுறை. பரிசு ரொக்கமா, பொருளா, பயிற்சியா? ஒரே தவணையா, ரசீது காட்டக் காட்டத் தருவார்களா? பரிசுக்கு ஈடாகத் தொழிலில் பங்கு கேட்கிறார்களா? எழுதிக் கொடுத்த யோசனை யாருக்குச் சொந்தம்? இந்த நான்கையும் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். பாட்டி காலத்துச் செய்முறையின் அளவுகளை விண்ணப்பத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பொருள் என்ன, சந்தை என்ன என்றால் போதும். பரிசு விழுந்துவிட்டது, முதலில் பணம் கட்டுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் அது போட்டி அல்ல, மோசடி.

நான்காவது, மொழி. பெரும்பாலும் மலாயோ ஆங்கிலமோ கேட்பார்கள். தமிழில் தொழில் செய்கிற பெரியவர்கள் இதைக் கண்டே பின்வாங்குகிறார்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்? அப்பா அம்மா தமிழில் சொல்லட்டும், மகளோ மகனோ எழுதட்டும். அப்படி எழுதும்போது, இத்தனை நாள் தங்கள் பள்ளிக் கட்டணம் எந்த வியாபாரத்திலிருந்து, எவ்வளவு கஷ்டத்தில் வந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியவரும். ஆனால் நடுவர் முன்னால் எண்களைச் சொல்ல வேண்டியவர் தொழில் செய்கிறவர்தான். பிறர் எழுதிக்கொடுத்த திட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனால், "உங்கள் அடக்கவிலை என்ன?" என்ற முதல் கேள்வியிலேயே வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

தோற்ற தாளுக்கும் வேலை உண்டு

பரிசு கிடைக்காத திட்டத்தைக் குப்பையில் போடக் கூடாது. அதே தாளைத் திருத்தி வங்கிக்குக் கொண்டு போகலாம். டெக்குன் நேஷனலின் கீழ் இந்திய வணிகர்களுக்கான ஸ்புமி கடனுதவி இருக்கிறது. 2024-இல் பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ திட்டமும், அமானா இக்தியார் வழி இந்தியப் பெண்களுக்கான 'பெண்' திட்டமும் அறிவிக்கப்பட்டன. தற்போதைய நிபந்தனைகளை அந்தந்த அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த அலுவலகத்தில் கேட்டாலும், எதற்குப் பணம், எப்படித் திருப்புவீர்கள் என்ற இரண்டு கேள்வி இருக்கும். போட்டிக்குத் தயாரானவரிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும். மற்றவர் யாராவது ஒரு தலைவரின் சிபாரிசுக் கடிதத்துக்கு அலைந்துகொண்டிருப்பார்.

திட்டம் எழுதியதால் ஒரு தொழிலைத் தொடங்காமலே விட்டவரும் வென்றவர்தான். சேமநிதிப் பணத்தை எடுத்துக் கடை திறந்து எட்டு மாதத்தில் மூடுவதைவிட, ஒரு மாதம் தாளோடு மல்லுக்கட்டி, "இது கட்டாது" என்று தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். ஐம்பத்தைந்து வயதில் போன பணம் திரும்புவது அரிது.

ஆகவே அடுத்த போட்டி அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்றிரவே ஒரு பள்ளிக்கூட நோட்டில் நான்கு எண்களை எழுதிவிடலாம். ஒரு பொருளுக்கு ஆகும் அடக்கம், மாதம் தவறாமல் போகும் செலவு, உழைப்பவரின் சம்பளம், விற்ற பணம் கைக்கு வர ஆகும் நாள். இந்த நான்கும் சரியாக இருந்தால் பாதித் திட்டம் முடிந்தது. போட்டியில் பரிசு சிலருக்குத்தான் கிடைக்கும். கணக்கு எழுதப் பழகியவர் எல்லாருக்கும் அந்தக் கணக்கு கிடைக்கும். பெற்றோர் காலத்தில் கிராணியிடம் இருந்த பேனா, இந்தத் தலைமுறையில் உழைப்பவர் கைக்கே வரட்டும்.